தண்டவாளத்தில் கட்டிய கயிறு

“ஒரு புகையிரதம் நிலையத்தைவிட்டுப் புறப்படும் முன்னர், அப்பாதையிலுள்ள ஒவ்வொரு கடவைக் காவலாளிக்கும் அதன் வருகை அறிவிக்கப்படல் வேண்டும்.”

இது விதி. முப்பத்துநான்கு வருடச் சேவையில் நான் மனப்பாடம் செய்த விதிகளுள் எனக்கு மிகப் பிடித்தது. எப்படி அறிவிப்பது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.

நான் கடைசியாக நிலைய அதிபராக இருந்தது திருகோணமலைப் பாதையில் ஒரு சிறிய நிலையம். அங்கிருந்து ஒன்றரை மைலில் ஒரு கடவை. அதற்குக் கேட் என்று பெயர். உண்மையில் சிவப்பும் வெள்ளையும் பூசிய ஒரு மூங்கில். முன்னொரு விபத்துக்குப் பிறகு ஊரார் ரயிலை மறித்ததால் பொலிசார் அந்த மூங்கிலை வைத்து, தூக்கி இறக்க ஒருவரையும் அமர்த்தியிருந்தார்கள். அந்தக் கடவைக்குத் தொலைபேசி வேண்டும் என்று நான் எழுதினேன். அந்தக் கேட் திணைக்களத்தின் பட்டியலில் இல்லை என்றும், மூங்கிலைத் தூக்குபவர் காவலாளி அல்ல, நாட்சம்பள உதவியாளர் என்றும், மேற்படி விதி காவலாளிகளுக்கே பொருந்தும் என்றும் பதில் வந்தது. ஆக, கோச்சி என்று நாங்கள் சொல்லும் ரயில் வருவதை அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கோச்சி யாரையாவது அடித்தால் குற்றம் அவருடையது.

அவர் எங்கள் கரைக்காரர். நான் சாய்ந்தமருது, அவர் நிந்தவூர். எங்கள் கரையில் தண்டவாளமே கிடையாது; அது மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. விடுமுறையில் ஊருக்கு வந்தால், “காக்கா, கோச்சிக்கு ஸ்டியரிங் இரிக்கா?” என்று என்னை வழிமறித்துக் கேட்பார்கள். அப்படிப்பட்ட கரையிலிருந்து இரண்டு பேர் ஒரே தண்டவாளத்தில் வேலை செய்தது அபூர்வம். அதனால் அவரோடு ஒரு பிரியம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதல் நாளே அவர் என்னைக் கோபப்படுத்திவிட்டார்.

எனக்குக் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தபடி பேசுகிற பழக்கம். அன்று அவருடைய கடமைகளை ஒன்று, இரண்டு என்று வாசித்துக்கொண்டிருந்தேன். நான்காவதில் அவர் குறுக்கிட்டார்.

“பேப்பரப் பாத்துக் கதைச்சா எனக்கு விளங்காது சேர். முகத்தப் பாத்துக் கதைங்க.”

பொது முகாமையாளர்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. ஒழுக்காற்று விசாரணைக்குப் போதுமான முதற் குற்றம் என்று மனதில் பதிந்துகொண்டேன். பிறகு தெரிந்தது, இது எனக்கு மட்டும் கிடைத்த மரியாதை இல்லை. வாரம் ஒருமுறை கையொப்பம் வாங்க வரும் பொலிஸ் சார்ஜனுக்கும் அதே வார்த்தைதான். யாராவது நடந்துகொண்டே பேசினால் ஓடிப்போய் முன்னால் நின்று மறிப்பார். ஜும்ஆவுக்குப் போனால் முதல் வரிசையில், மிம்பர் மேடைக்கு நேர் கீழே, பிரசங்கம் செய்யும் கதீபின் வாயையே பார்த்தபடி இருப்பார். மூன்றாம் வரிசையில் இருந்த நான், இவருடைய பக்தி கொஞ்சம் விளம்பரப் பிரியம் உள்ளது என்று தீர்மானித்தேன்.

அவருடைய குடிசை தண்டவாளத்திலிருந்து இருபது அடி. அந்தப் பாதையில் பயணிகள் கோச்சி குறைவு. அவற்றுக்கு நேர அட்டவணை உண்டு. கூடுதலாக ஓடியவை சரக்குக் கோச்சிகள்: எண்ணெய்த் தாங்கிகள், கோதுமை மா, சீமெந்து. ஏற்றி முடிந்ததும் வெளிக்கிடும். அவற்றுக்கு அட்டவணையும் இல்லை, அறிவித்தலும் இல்லை. அவருடைய மனைவி கோப்பைகளை அலுமாரியில் வைக்காமல் துணிக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார். அலுமாரியில் வைத்தால் அதிர்வில் உடைந்துவிடும். வெள்ளை உடுப்பைக் காற்றுக் கிழக்கே போகும் நாளில்தான் காயப்போடுவார். மற்ற நாட்களில் எஞ்சின் புகை அதில் புள்ளி வைத்துவிடும். கோச்சி வந்தால் பாதிச் சொல்லில் நிறுத்தி, கடைசிப் பெட்டி போனதும் மீதிச் சொல்லிலிருந்து தொடங்குவார். நாங்கள் எல்லாரும் அப்படித்தான்.

நிந்தவூர்க்காரர் மட்டும் நிறுத்துவதில்லை. டீசல் எஞ்சின் இரண்டு காதையும் பிய்த்துக்கொண்டு போகும்போதும் வாய் அசைந்துகொண்டே இருக்கும், கை ஆடும், சிரிப்பார். நமக்கு ஒரு சொல்லும் கேட்காது. கோச்சி போய் முடியும்போது அவர் கதையின் முடிவில் நிற்பார். “என்ன சேர், ஒண்டும் சொல்றீங்க இல்ல?” என்று கேட்பார்.

எஞ்சின்களைப் பற்றி அவருக்கு ஒரு தனி அறிவு இருந்தது.

“கனடா எஞ்சின் நெஞ்சில அடிக்கும் சேர். இந்தியா எஞ்சின் வயித்துல. எண்ணெய் நெறஞ்சி வந்தா முனகும், வெறுசாப் போனா சிரிக்கும்.”

“நீர் எங்க எஞ்சின் படிச்சீர்?”

“ஆழ்கடல் போட்டுல. பதினஞ்சு வருசம் எஞ்சினுக்குப் பக்கத்துலதான் படுக்க. அதுக்கு முந்தி கரைவலை. வாப்பாட காலத்துல இருந்து கயிறு இழுத்த கை இது.” உள்ளங்கையைக் காட்டினார். தேய்ந்த தோல் போல மினுங்கியது. “வலை நடுக்கடல்ல கிடக்கும். மீன் பட்டிருக்கா, பாசி பட்டிருக்கா எண்டு கரையில நிண்டு கயிறு சொல்லிரும்.”

இதை ஒரு மீனவரின் பெருமை என்று கேட்டுக்கொண்டேன்.

தொலைபேசிக்கு நான் இரண்டாம் முறை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது அவர் நன்றி சொல்லவில்லை.

“ஃபோன் என்னத்துக்கு சேர்? ஒரு லைட் போட்டுத் தரச் சொல்லுங்க. கோச்சி வெளிக்கிட்டா எரியட்டும்.”

“கருவிகளுக்கான விதியில ஃபோனும் மணியும்தான் இருக்கு. லைட் இல்ல.”

“அப்ப விதி எழுதின ஆளுக்குக் கண் இல்லப் போல.”

பக்கத்தில் சைக்கிளோடு நின்ற தயிர்க்காரர் சிரித்தார். அவர் தம்பலகாமத்துத் தமிழர்; கரியரில் தயிர்ச்சட்டிகளை ஓலைப்பாயால் கட்டிக்கொண்டு தினமும் காலையில் அந்தக் கடவையைத் தாண்டுவார். தாண்டுமுன் சைக்கிளை நிறுத்தி, சுற்றிப் போய் உதவியாளர் முன்னால் நின்று, “என்ன காக்கா, இண்டைக்கு எத்தினை?” என்பார். இவர் விரல்களால் காட்டுவார்: அன்று அதுவரை போன கோச்சிகள். அதுதான் அவர்களுடைய ஸலாம், வணக்கம் எல்லாம்.

மூன்று வருடத்தில் அந்தக் கேட் ஒரு கோச்சிக்கும் திறந்திருக்கவில்லை. எப்படி என்று நான் கேட்கவில்லை. முறையாக நடக்கும் காரியத்தில் கேள்வி கேட்பது என் வழக்கமில்லை.

அந்த வருடம் தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒரு பொறியியலாளர் பாதையைப் பார்வையிட வந்தார். தள்ளுவண்டியில் அவர் முன்னால், நான் பின்னால். கடவையை நெருங்கியதும் அவர் கையைத் தூக்கி வண்டியை நிறுத்தினார். தண்டவாளத்து ஆணியில் ஒரு நைலோன் கயிறு கட்டியிருந்தது. விறைப்பாக இழுபட்டு, குடிசையின் வாசற்கம்புவரை போயிருந்தது.

“தண்டவாளத்தில் ஆடு கட்டுகிறார்களா?” என்று என்னைக் கேட்டார்.

தண்டவாளத்தில் எப்பொருளையும் கட்டுதல் கூடாது. அதற்கும் விதி உண்டு, எனக்குப் பாடமும் உண்டு. நான் இறங்கி, பாதைத் தொழிலாளியிடம் கத்தி வாங்கி, என் கையாலேயே கயிற்றை அறுத்தேன். குடிசைக்குப் பின்னாலிருந்து அவர் ஓடிவந்தார்.

“சேர், சேர், அத விடுங்க. அது கயிறு இல்ல சேர்.”

“கயிறு இல்லாம வேற என்ன?” என்றேன். கயிற்றைச் சுருட்டியபடி, பொறியியலாளரைப் பார்த்தபடி, அவருக்கு முதுகைக் காட்டியபடி சொன்னேன். “வலைக்கயிறு கடல்ல கிடக்கணும். நாளைக்கு எழுத்தில விளக்கம் வேணும்.”

“முகத்தப் பாத்துச் சொல்லுங்க சேர்.”

மேலதிகாரி முன்னால். நான் திரும்பவில்லை.

“சேர், முகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கயிற்றை நிலையத்தின் களஞ்சியத்தில் வைத்து, பறிமுதல் பொருட் பதிவேட்டில் ஒரு வரியும் எழுதினேன். கையெழுத்து அழகாக விழுந்தது; அது ஞாபகமிருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணிக்குள் மூன்று முறைப்பாடுகள். கேட் மூடிக்கிடக்கிறது, நேற்றுப் பின்னேரத்திலிருந்து திறக்கவே இல்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் உழவு இயந்திரங்கள், ஒரு பாடசாலை வான், நெல் மூட்டை ஏற்றிய லொறி. எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். மூங்கில் பூட்டுச் சங்கிலியோடு கிடந்தது. அவர் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, வலது உள்ளங்கையைத் தண்டவாளத்தின் மேல் வைத்திருந்தார். எங்களுக்கு முதுகு.

“எழும்பும்,” என்றேன். அசையவில்லை.

“உம்மத்தான். கேட்டத் திறவும்.” அசையவில்லை. நான் முழு அதிகாரத்தையும் குரலில் ஏற்றி மூன்றாம் முறை கத்தினேன். ஒரு மயிரும் சிலிர்க்கவில்லை.

தயிர்க்காரர் என் பக்கத்தில் நின்றார். “தயிர் புளிச்சு மோராப் போகுது ஐயா. ஆனா அவரில பிழை இல்ல. பின்னால நிண்டு கத்தி என்ன செய்ய? முன்னால போங்க.”

“ஏன், இஞ்ச நிண்டு சொன்னா என்ன?”

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. கேலி இல்லை. திகைப்பு.

“அவருக்குக் காது கேளாது ஐயா. உங்களுக்குத் தெரியாதா?”

சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒரு சொட்டும் கேளாது. போட் எஞ்சின் தின்னுபோட்டுது. இந்த ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதுதானே எல்லாரும் சுத்திப் போய் முன்னால நிண்டு கதைக்கிறம். அந்தக் கயித்தாலதான் கோச்சி வாறத அறிவார். ஒரு நுனி பாதையில, மற்ற நுனி அவருட கையில. நித்திரையிலயும் கையில சுத்தியிருப்பார். நேத்து ஆரோ அதை வெட்டிப்போட்டாங்களாம்.”

ஆரோ.

மூன்று வருடம். எண்ணெய்த் தாங்கிகள், பாடசாலை வான்கள், அறுவடைக்குப் போகும் பெண்கள் நிறைந்த உழவு இயந்திரப் பெட்டிகள். அத்தனைக்கும் நடுவே நின்றது ஒரு மூங்கிலும், ஒரு கயிறும், ஒன்றும் கேளாத ஒரு மனிதரும். ஊருக்கே தெரிந்திருந்தது, காது கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை. தொலைபேசி வேண்டும் என்று அவருக்காக இரண்டு முறை எழுதியவன் நான்.

அப்போது அவர் எழும்பினார். தண்டவாளத்திலிருந்து கையை எடுத்து, கூட்டத்தைப் பார்த்துப் பின்னால் போகச் சொல்லிக் காட்டினார். எனக்கு இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. சற்றுப் பிறகுதான் வளைவுக்கு அப்பால் ஊதல். எண்ணெய்க் கோச்சி, நிறைபாரம். நான் போய் அவர் முன்னால் நின்றேன். தாங்கிகள் ஒவ்வொன்றாக எங்கள் பக்கத்தால் இடித்துக்கொண்டு போயின, மண் நடுங்கியது. அவர் வழக்கம்போலப் பேசிக்கொண்டே இருந்தார். முதல் தடவையாக அவருடைய முகத்தைப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லாமல் விளங்கியது.

‘கயித்தத் தாங்க சேர்.’

பறிமுதல் செய்த பொருளைத் திருப்பிக் கொடுக்க மேலதிகாரியின் ஒப்பம் வேண்டும். நான் கேட்கவில்லை. என் சேவையில் அதுதான் முதல் விதிமீறல். அன்று மத்தியானத்துக்குள் அவர் அறுந்த இடத்தை முடிந்து, மறுபடி கட்டி, ஒரு நுனியை என் கையில் தந்தார். “இப்ப வெறும் கயிறு. பொறுங்க.” கொஞ்ச நேரத்தில் என் விரல்களுக்குள் ஏதோ ஒன்று, ஈ இரைவது போல, தொடங்கியது. “மா கோச்சி,” என்றார். பிறகு கையை விலக்கி, “சேருக்குப் பயமா இரிக்கா?” என்றார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நான் நடைமுறை தெரிந்தவன்.

“லைட்டுக்கு எழுதப்போறன்,” என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். “ஏன் லைட் வேணும் எண்டதையும் எழுதப்போறன்.”

“காரணம் எழுதாதீங்க சேர். கயிறு போதும்.”

“காரணம் இல்லாத கோரிக்கையைத் தூக்கிப் போட்டிருவாங்க. உள்ளத எழுதினாத்தான் லைட் வரும்.”

“உள்ளத எழுதினா நான் போயிருவன் சேர்.”

தயிர்க்காரரும் சொன்னார். “ஐயா, எழுத்தில போனா மனுசன் நிக்கமாட்டான்.”

நான் எழுதினேன். மிக நல்ல கடிதம். மேற்படி கடவையின் உதவியாளருக்குக் கேட்கும் திறன் அறவே இல்லை. எனினும் மூன்று வருடங்களாக ஒரு தவறுமின்றிக் கடமையாற்றியுள்ளார். ஆகவே ஒலிச் சமிக்ஞைக்குப் பதிலாக ஒளிச் சமிக்ஞை பொருத்துமாறு தயவுடன் வேண்டுகிறேன். மூன்று பிரதிகள், ஒன்று பொலிசாருக்கு, தகவலுக்காக.

லைட்டைப் பற்றிப் பதில் வரவில்லை. ஒன்பதாம் நாள் பொலிசார் வந்து அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். காது கேளாதவரைக் கடவையில் வைத்திருந்தது பாரதூரமான கவனயீனம் என்று சார்ஜன் என்னிடம் சொன்னார். நான் அறியத் தந்ததற்கு நன்றியும் சொன்னார்.

அவர் என்னை ஏசவில்லை. மனைவி கோப்பைகளைக் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் தலை நிமிரவில்லை. அவர் என்னை வாசலுக்குக் கூட்டிவந்து கயிற்றைக் காட்டினார்.

“அவுக்கல்ல சேர். புதுசா வாறவருக்குக் கட்டிவெச்சிட்டுப் போறன். காது கேட்டாலும் இது நல்லம் எண்டு சொல்லுங்க. காது சில நேரம் வேற எங்கயும் போயிரும். கை போகாது.”

புதிதாக வந்தவர் நாற்பது வயதுக்காரர். இரண்டு காதும் பூரணம் என்று அரசாங்க வைத்தியரின் அத்தாட்சியோடு வந்தார். அதை நானே கோப்பில் சேர்த்தேன். கயிற்றைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அதை அவிழ்த்து, குடிசைக்குள் உடுப்புக் கொடியாகக் கட்டினார். தண்டவாளத்தில் எப்பொருளையும் கட்டுதல் கூடாது என்று என்னிடமே சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

அடுத்த அறுவடைக் காலம். காலை ஒன்பதரை. மா கோச்சிக்கு நான்தான் பச்சைக் கொடி காட்டினேன். அது போய்ச் சில நிமிடத்தில் ஊதல் கேட்டது. ஊதி நிறுத்தவில்லை. ஊதிக்கொண்டே இருந்தது. பிறகு பிரேக்கின் கீச்சு. பிறகு ஒன்றுமில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது எஞ்சினின் முன்பக்கம் வெள்ளையாக இருந்தது. மா என்று நினைத்தேன். கிட்டப் போனதும் புளித்த வாசம் வந்தது. சட்டித் துண்டுகள் கல்லுக்குள் வெகுதூரம் சிதறியிருந்தன. மூங்கில் வானத்தைப் பார்த்தபடி நின்றது. புதியவர் கடவையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் தொங்கிய இயர்போனிலிருந்து கிரிக்கெட் வர்ணனை மெல்லக் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.

தயிர்க்காரர் சைக்கிளை நிறுத்தியிருக்கவில்லை. முன்னால் போய் நின்று பேச அங்கே யாரும் இல்லையே.

விசாரணையில் காவல் செய்தவரின் கேட்கும் திறன் பற்றிக் கேட்டார்கள். அத்தாட்சியைக் காட்டினேன். கோப்பு ஒழுங்காக இருப்பதாகப் பதிவு செய்தார்கள்.

நான் ஓய்வுபெற்று ஊருக்கு வந்த முதல் மாதம் நிந்தவூர்க் கடற்கரைக்குப் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் பின்வரிசையில் அவர். பின்னாலிருந்து கூப்பிடவில்லை, முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி, சுற்றிப் போய் முன்னால் நின்றேன். கயிற்றை விடாமல் சிரித்தார்.

“சேருக்கு இப்பதான் பழக்கம் வந்திரிக்கி.” பிறகு கேட்டார். “கயித்த வெச்சிரிக்காங்களா?”

“ஓம்,” என்றேன். அதில் பொய் இல்லை. உடுப்புக் கொடியாக இருந்தது.

“தயிர்க்காரர் சுகமா?”

நான் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அலைகளைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன்: ஒன்றரை மைலையும், பச்சைக் கொடியையும், வெள்ளையாயிருந்த எஞ்சினையும், மூன்று பிரதிகளையும். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் கயிறு இழுத்தவர்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

என் தோளில் ஈரக் கை ஒன்று விழுந்தது.

“முகத்தப் பாத்துக் கதைங்க சேர்.”

திரும்பினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுகமா இரிக்கார்,” என்றேன்.

அவர் தலையசைத்தார். நம்பினாரா என்று தெரியாது. மறுபடி கயிற்றைப் பிடித்தார். அடுத்த வருடம் நோன்புக்கு முன் அவர் மௌத்தாகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன், காய்ச்சலில் இறந்ததாகச் சொன்னார்கள்.

பழைய நிலையத்திலிருந்து, விலாசம் இரண்டு முறை வெட்டித் திருத்தப்பட்டு, ஒரு கடித உறை சாய்ந்தமருது வீட்டுக்கு வந்தது. உங்கள் கோரிக்கை தொடர்பாக: மேற்படி கடவைக்கு ஒளிச் சமிக்ஞை பொருத்த அனுமதி வழங்கப்பட்டுள்ளது. கடிதத்தில் குறிப்பிடப்பட்ட, கேட்கும் திறனற்ற உதவியாளர் தொடர்ந்து கடமையிலுள்ளாரா என்பதை உறுதிப்படுத்தித் தரவும்.

எனக்கு அது கிடைத்தது அவர் மௌத்தான அதே வருடம், நோன்பு இருபத்தாறு, வியாழக்கிழமை, அசர் தொழுகைப் பாங்குக்குச் சற்று முன்.